சென்னையில் ஃபேன்டஸி வாசகர்களை நேரில் சந்திப்பது எப்படி?

திருநெல்வேலியிலிருந்து வேலைக்காகச் சென்னை வந்து ஒன்பது மாதம் ஆன ஒரு பெண் கேட்டிருந்தார்: "அக்கா, எனக்கு ஃபேன்டஸி கதைகள் என்றால் உயிர். ஆனால் பேச ஆள் இல்லை. வேளச்சேரியில் ஹாஸ்டல், பெருங்குடியில் ஆபீஸ். இந்த ஊரில் இப்படிப்பட்ட வாசகர்கள் நேரில் கூடும் குழு ஏதாவது இருக்கிறதா? தனியாகப் போகலாமா? என் இங்கிலீஷ் அதற்குப் போதுமா?"

மூன்றுக்கும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: இருக்கிறது, போகலாம், தாராளமாகப் போதும். ஆனால் முதல் பதிலை அப்படியே விட்டால், நீங்கள் இன்றிரவே போனில் தேடிப் பார்த்துவிட்டு ஒன்றும் சரியாக அகப்படவில்லையே என்று சோர்ந்துபோவீர்கள். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் சோர்ந்துபோனேன். ஃபேன்டஸி என்று பலகை மாட்டிக்கொண்டு, வருடக்கணக்காக ஓரிடத்தில் நடக்கும் கூட்டத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இந்த ஊரில் மாயக்கதை வாசிப்பவர்கள் வேறு பெயருள்ள கூட்டங்களுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே போய்த்தான் அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். பதினோரு வருடமாக இந்தக் கூட்டங்களுக்குப் போய்வருகிறேன். எங்கள் சிறு குழுவில் இப்போது வரும் ஒன்பது பேரும் வெவ்வேறு இடங்களில் ஒவ்வொருவராக அகப்பட்டவர்கள்தான்.

ஏன் இப்படிச் சிதறியிருக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் தேடுவது எளிது. சென்னையில் இந்த வாசகர்கள் மூன்று கிளையாக இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் தடித்தடியான தொடர் நாவல்களாகப் படிப்பவர்கள் ஒரு கிளை. காமிக்ஸ், அனிமே, பலகை விளையாட்டு என்று அந்தப் பக்கத்திலிருந்து வருபவர்கள் இன்னொரு கிளை. மூன்றாவது கிளைக்குத் தாங்கள் ஃபேன்டஸி வாசகர்கள் என்பதே தெரியாது. விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் கேட்டு வளர்ந்து, இன்று மகாபாரத மறுபுனைவுகளையும் சரித்திர நாவல்களையும் படித்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். இலக்கிய மேடையில் ஃபேன்டஸிக்குத் தமிழில் சொல்லும் 'மிகுபுனைவு' என்ற சொல்லைக் கேட்டிருப்பார்கள். அது தங்கள் சிறுவயது வாசிப்பையும் குறிக்கும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த மூன்று கிளையினரும் ஒருவரை ஒருவர் சந்திப்பதே அபூர்வம்.

எனக்கு இது உறைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கூட்டத்தில் புதிதாக வந்தவர்களிடம், நீங்கள் படித்த முதல் மாயக்கதை எது என்று கேட்டோம். இளைஞர்கள் எல்லோரும் ஹாரி பாட்டர் என்றார்கள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா கடைசியாக, தயங்கித் தயங்கி, "அம்புலிமாமா சேர்த்தியா?" என்று கேட்டார். அவ்வளவுதான், அடுத்த ஒரு மணி நேரம் அவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலுமாகச் சென்னையில் தொடங்கிய பத்திரிகை அது. நாகிரெட்டியும் சக்கரபாணியும் வடபழனியிலிருந்து நடத்தினார்கள். தோளில் வேதாளம் தொங்க, கையில் உருவிய வாளுடன் சுடுகாட்டு வழியே நடக்கும் விக்கிரமனை ஓவியர் சங்கர் வரைந்ததும் இந்த ஊரில்தான். பெரியவர் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லச் சொல்ல, எப்போதும் ஆங்கில நாவல் மட்டுமே படிக்கும் ஒரு கல்லூரி மாணவி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். உங்களுக்கும் இப்படி மூன்று கிளையும் சேர்ந்து உட்காரும் ஒரு கூட்டம் வாய்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இனி எங்கே போவது என்று பார்ப்போம்.

உங்களைப் போன்றவர் முதலில் போக வேண்டிய இடம் பூங்காக்களில் நடக்கும் மௌன வாசிப்பு. பெங்களூரு கப்பன் பூங்காவில் சில ஆண்டுகளுக்கு முன் இருவர் தொடங்கிய பழக்கம் இது. பிறகு நாட்டின் பல நகரங்களுக்கும் பரவியது. சென்னையிலும் வார இறுதிகளில் நடக்கிறது. கட்டணம் கிடையாது, பெயர் பதிய வேண்டியதில்லை. ஒரு பாயோ பெட்ஷீட்டோ எடுத்துக்கொண்டு, உங்கள் புத்தகத்துடன் போய் உட்கார்ந்து படிக்கலாம். யாரும் உங்களிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் இல்லை. இடமும் நேரமும் இன்ஸ்டாகிராமில் அறிவிப்பார்கள். கிளம்புவதற்கு முன் அந்த வார அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள். மழை என்றால் கடைசி நேரத்தில் மாறிவிடும்.

ஆனால் மௌனமாகப் படித்துவிட்டு மௌனமாகத் திரும்பிவிடாதீர்கள். முடிவில் எல்லோரும் அன்று கொண்டுவந்த புத்தகங்களை நடுவில் பரப்பிப் புகைப்படம் எடுப்பது பல இடங்களில் வழக்கம். அந்த ஐந்து நிமிடம்தான் உங்களுக்கு முக்கியம். பரப்பிய அட்டைகளில் எதில் டிராகன் இருக்கிறது, எதில் கோட்டை இருக்கிறது, எது தலையணை போலத் தடியாக இருக்கிறது என்று பாருங்கள். அதன் சொந்தக்காரரிடம் போய், "இதில் எத்தனையாவது பாகத்தில் இருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். வேறு அறிமுகமே வேண்டாம். எங்கள் குழுவில் இருவர் இப்படிக் கிடைத்தவர்கள்தான். இதற்காகவே போனிலோ கிண்டிலிலோ படிப்பவர்கள் அன்று ஒருநாளாவது அச்சுப் புத்தகம் எடுத்துப் போவது நல்லது. அட்டை வெளியே தெரிந்தால் பாதி வேலை அதுவே செய்துவிடும்.

இரண்டாவது, ஜனவரியில் வரும் சென்னைப் புத்தகக் காட்சி. 1977-இல் தொடங்கியது, இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிறது. அங்கே போகாத சென்னை வாசகர் இல்லை. பலர் அதை வாங்கும் இடமாகவே பார்க்கிறார்கள். எனக்கு அது ஆட்களைச் சந்திக்கும் இடம். பொங்கல் விடுமுறை மாலையில் போனால் நெரிசலில் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், யாரிடமும் நாலு வார்த்தை பேச முடியாது. வார நாளில் மதியம் வாசல் திறக்கும் நேரத்துக்குப் போய்ப் பாருங்கள். லயன்-முத்து காமிக்ஸ் கடை எங்கே இருக்கிறது என்று விசாரித்து அங்கே சற்று நேரம் நில்லுங்கள். சிவகாசியிலிருந்து வரும் இந்தக் காமிக்ஸ்களின் வாசகர்கள் தமிழ்நாட்டிலேயே மிகக் கட்டுக்கோப்பான ரசிகர் கூட்டம் என்பேன். ஈரோட்டில் ஆகஸ்டு மாதம் புத்தகத் திருவிழா நடக்கும்போது, வாசகர் சந்திப்புக்காகவே பல ஊர்களிலிருந்து ரயிலேறிப் போகிறவர்கள் அவர்கள். முன்பின் தெரியாதவரிடம் அரை மணி நேரம் கதை பேசத் தயங்காதவர்கள். ஃபேன்டஸி நாவல் படிப்பவர்களையும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். என்னை என் முதல் குழுவுக்கு அழைத்துப் போனது அந்தக் கடை வாசலில் பேச்சுக் கொடுத்த ஒரு பல் மருத்துவர்.

காமிக்ஸ், அனிமே ரசிகர்கள் கூடும் பெரிய விழாவான காமிக் கான் சென்னைக்கு முதன்முதலில் வந்தது 2024 பிப்ரவரியில், நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில். டிக்கெட் உண்டு, கூட்டம் அதிகம், இரைச்சலும் அதிகம். மனம்விட்டுப் பேச முடியாது. ஆனால் எந்தெந்தக் குழுக்கள் ஊரில் உயிரோடு இருக்கின்றன என்று ஒரே நாளில் தெரிந்துகொள்ளலாம். வேடம் போட்டு வருபவர்களிடம் அது எந்தக் கதாபாத்திரம் என்று கேட்டால் மகிழ்ந்து பேசுவார்கள்.

நூலகங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு அது பக்கம். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் மாறாமல் கோட்டூர்புரத்தில் இறங்கலாம். 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் அங்கேதான் இருக்கிறது. சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது. உள்ளே பேச முடியாதுதான். நாங்கள் இரண்டு மணி நேரம் உள்ளே படித்துவிட்டு, வெளியே வந்து டீ குடித்துக்கொண்டே பேசுவோம். புதியவர் ஒருவரை முதன்முதலில் தனியாகச் சந்திக்க வேண்டி வந்தால் நான் எப்போதும் சொல்வது இந்த இடம்தான்: வெளிச்சம், காவலர், ஆட்கள் நடமாட்டம், கழிப்பறை, எல்லாம் இருக்கிறது.

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி என்ற நூலகம் இருக்கிறது. 1812-இல் தொடங்கியது. சிவப்புக் கட்டடம், அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்கு அலமாரிகள். உள்ளே நுழைந்தவுடன் ஏதோ மந்திரவாதியின் நூலகத்துக்குள் வந்துவிட்டது போலத்தான் இருக்கும், இந்த ஒரு விஷயத்தில் நான் மிகைப்படுத்தவில்லை. ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினர் ஆகலாம். உரைகளும் கலந்துரையாடல்களும் அவ்வப்போது நடக்கும். பழைய புத்தகங்களை நேசிப்பவர்கள் வரும் இடம் என்பதால் நம் வகை ஆட்கள் நிச்சயம் இருப்பார்கள்.

எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் அரசு அருங்காட்சியகமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. நாங்கள் வருடத்துக்கு ஒருமுறை அருங்காட்சியகத்தில் கூடுகிறோம். அமராவதிச் சிற்பங்களில் கனத்த மாலையைச் சுமந்து நிற்கும் உருவங்களுக்கு முன்னால் நின்று, இவர்கள் யார், எங்கே போகிறார்கள் என்று ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்துவிடாதீர்கள்.

தமிழில் வாசிப்பவர் என்றால் கே.கே. நகர் டிஸ்கவரி புக் பேலஸ் போன்ற புத்தகக் கடைகளில் நடக்கும் வெளியீட்டு விழாக்களுக்கும் வாசகர் சந்திப்புகளுக்கும் போங்கள். தீவிர இலக்கியக்காரர்கள் மட்டுமே வருவார்கள், மாயக்கதை என்றால் முகம் சுளிப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். கல்கி 1950-இல் எழுதத் தொடங்கிய பொன்னியின் செல்வனைப் படித்தவர்கள் இணையக் குழுவாகச் சேர்ந்து, பின் நேரில் கூடி, வந்தியத்தேவன் போன வழியிலேயே பயணம் போயிருக்கிறார்கள். கதையில் ஒருவன் குதிரையில் போன பாதையில் வேன் பிடித்துப் போகிற ஊர் நம்முடையது. கற்பனை உலகத்தை இவ்வளவு நேசிப்பவர்களுக்கு நடுவே நீங்கள் உங்கள் டிராகனைப் பற்றிப் பேசினால் யாரும் அந்நியமாகப் பார்க்க மாட்டார்கள்.

பலகை விளையாட்டு ஆடுகிறவர்களையும் விட்டுவிடாதீர்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் அமெரிக்காவில் வந்தது. இன்று சென்னையிலும் நாலைந்து பேராகக் கூடி ஆடுகிறார்கள். ஒருவர் கதை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, என்ன செய்வது என்று முடிவு செய்வார்கள், பகடை விதியைச் சொல்லும். ஒரு ஆட்டம் மூன்று நான்கு மணி நேரம் போகும், கதை மாதக்கணக்கில் தொடரும். அதனால் இடையில் வராமல் போனால் மற்ற எல்லோருக்கும் சிரமம். தொடர்ந்து வர முடியும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் சேருங்கள். முதலில் ஒருநாள் பார்வையாளராக உட்காரக் கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

ஒரே ஆர்வமுள்ளவர்கள் குழுவாக நேரில் கூட உதவும் மீட்அப் செயலியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் குழு நடத்துபவர் சந்தா கட்ட வேண்டும். அவர் கட்டுவதை நிறுத்திவிட்டால், வேறு யாராவது பொறுப்பெடுத்துக்கொண்டால்தான் குழு நிலைக்கும். ஆகவே ஒரு குழுவில் எத்தனை ஆயிரம் உறுப்பினர்கள் என்று பார்க்காதீர்கள். கடைசியாக எப்போது கூடினார்கள், அடுத்த கூட்டத்துக்குத் தேதி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கடந்த மூன்று மாதத்தில் ஒருமுறைகூடக் கூடவில்லை என்றால் அடுத்ததைத் தேடுங்கள். வாட்ஸ்அப் குழுக்களுக்கும் இதுவே அளவுகோல்: காலை வணக்கமும் ஃபார்வர்டும் ஓடுகிற இடத்தில் கூட்டம் நடப்பதில்லை.

இப்போது தனியாகப் போகலாமா என்ற கேள்வி. நான் பெண் என்பதால் இதைத் தயக்கமில்லாமல் எழுதுகிறேன். முதல் மூன்று சந்திப்புகளும் பொது இடத்தில், பகல் வெளிச்சத்தில் இருக்கட்டும். யாருடைய வீட்டிலாவது கூட்டம் என்றால், அந்தக் குழுவை நன்கு அறிந்த பிறகு போகலாம். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஹாஸ்டலில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். குழுவில் ஏற்கெனவே பெண்கள் தொடர்ந்து வருகிறார்களா என்று பாருங்கள். ஒருமுறை வந்த பெண்கள் மறுமுறை வராத குழு என்றால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும். கூட்டம் முடிந்த இரவே தனிச் செய்தியில் தொடர்ந்து பேச்சுக் கொடுப்பவர் இருந்தால், தயவு தாட்சண்யம் பார்க்காமல் நடத்துபவரிடம் சொல்லுங்கள். அவர் என்ன செய்கிறார் என்பதிலேயே அந்தக் குழுவின் தரம் தெரிந்துவிடும். நான் பல வருடத்துக்கு முன் போய்க்கொண்டிருந்த ஒரு குழுவில் இப்படிச் சொன்னபோது, "அவர் நல்ல மனுஷன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்கள். அடுத்த மாதத்திலிருந்து நானும் இன்னும் இரண்டு பெண்களும் போகவில்லை. இன்று எங்கள் குழுவில் இதற்கு ஒரே விதிதான்: புகார் வந்தால் அவருக்கு அடுத்த அழைப்பு கிடையாது.

இங்கிலீஷ் போதுமா என்று கேட்டீர்களே, அது எனக்கு மனதைத் தொட்டது. கான்வென்ட் படிப்புப் படித்த பிள்ளைகள் சரளமாகப் பேசும்போது, தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் பேசுங்கள். சென்னைக் கூட்டங்களில் எல்லோரும் கலந்துதான் பேசுவார்கள். முதல் ஆள் தமிழில் தொடங்கினால் பத்து நிமிடத்தில் பாதிப் பேர் தமிழுக்கு வந்துவிடுவார்கள். தமிழில் பேசுவதில் வேறொரு லாபமும் இருக்கிறது. ஆங்கிலப் புத்தகத்தில் வருகிற ஒரு பிராணியையோ ஆவியையோ தமிழில் விளக்கப் போனால், அது வேதாளமா, முனியா, கொள்ளிவாய்ப் பிசாசா என்று தானாகவே கேள்வி எழும். எங்கள் குழுவில் மிக நல்ல விவாதங்கள் இந்த இடத்தில்தான் பிறந்திருக்கின்றன. உங்கள் தாமிரபரணிக் கரையில் இசக்கியம்மனுக்கும் சுடலைமாடனுக்கும் வில்லுப்பாட்டுப் பாடுகிறார்களே, அதைக் கேட்டு வளர்ந்தவர் என்றால் சென்னைப் பிள்ளைகளுக்குத் தெரியாத ஒரு உலகமே உங்கள் கையில் இருக்கிறது. ஹாரி பாட்டர் தமிழிலும் மொழிபெயர்ப்பாகக் கிடைக்கிறது. அதைத் தமிழில் மட்டுமே படித்த ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு வந்து, மந்திரங்களை மொழிபெயர்த்த விதம் பற்றிப் பேசியது இன்றும் மறக்கவில்லை.

"நான் எல்லாவற்றையும் படித்ததில்லையே" என்ற தயக்கமும் வேண்டாம். ஒவ்வொரு குழுவிலும் எல்லாம் தெரிந்தவராக ஒருவர் இருப்பார். கதாபாத்திரங்களின் மூதாதையர் பட்டியலைத் தலைகீழாகச் சொல்வார், நீங்கள் ஒரு பெயரைத் தவறாக உச்சரித்தால் திருத்துவார். அவரைக் கண்டு ஒதுங்காதீர்கள். அவரிடம், இந்தக் கதையை எந்த வயதில், எங்கே உட்கார்ந்து படித்தீர்கள் என்று கேளுங்கள். ஆள் மாறிவிடுவார்.

ஒரு குழுவுக்குக் குறைந்தது மூன்று முறை போங்கள். முதல் முறை யாருக்கும் உங்கள் பெயர் நினைவிருக்காது. இரண்டாம் முறை தலையாட்டுவார்கள். மூன்றாம் முறை உங்களுக்காக இடம் பிடித்து வைத்திருப்பார்கள். மூன்று முறைக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடலாம்.

இப்படிச் சுற்றி வந்ததில் மூன்று நான்கு பேர் கிடைத்துவிட்டால், நீங்களே ஒன்றைத் தொடங்கிவிடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் வந்து முடியும். நான்கு பேர் போதும். இதில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் முதல் குழு ஒரு காபிக் கடையில் கூடியது. ஏசி, நல்ல நாற்காலி, எல்லாம் சரி. சில மாதத்தில் ஒருவருக்கு இவ்வளவு ரூபாய்க்காவது வாங்கினால்தான் உட்காரலாம் என்றார்கள். வேலையில் இருந்த எங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் போனார்கள், காரணமும் சொல்லவில்லை. மிகத் தாமதமாகத்தான் எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து காசு கேட்காத இடத்தில் மட்டும்தான் கூடுகிறோம். மயிலாப்பூர் லஸ்ஸில் நாகேஸ்வரராவ் பூங்கா எங்களுக்கு ஒத்துவந்தது. திருமயிலை ரயில் நிலையமும் பக்கம். பூங்கா திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை காலை ஆறரைக்கே கூடிவிடுவோம். அக்டோபர், நவம்பரில் பருவமழை. அந்த இரண்டு மாதத்துக்குக் கூரையுள்ள இடம் ஒன்றை முன்கூட்டியே பேசி வைக்காத குழு மார்கழிக்குள் கலைந்துவிடும்.

நாளை மாற்றாதீர்கள். "எல்லோருக்கும் எப்போது வசதி?" என்று வாக்கெடுப்பு வைத்தால் யாருக்கும் வசதிப்படாது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு என்றால் இரண்டாம் ஞாயிறுதான், இரண்டே பேர் வந்தாலும் நடக்க வேண்டும். பொறுப்பையும் இருவர் பகிர்ந்துகொள்ளுங்கள். எங்கள் பழைய குழு ஒன்று, நடத்தியவருக்கு ஹைதராபாத்துக்கு மாற்றலானதும் நின்றுபோனது. மற்றவர்களிடம் போன் நம்பர்கூட இருக்கவில்லை.

அடுத்தது, ஃபேன்டஸிக்கே உரிய பெரிய சிக்கல்: புத்தகத்தின் பருமன். வேறு வாசகர் வட்டங்கள் மாதம் ஒரு நாவல் என்று வைத்துக்கொள்ளும். நம் வகையில் ஒரு தொடர் பதினான்கு பாகம் போகும்; ஒரு பாகமே எண்ணூறு பக்கம் இருக்கும். ஒருவர் மூன்றாம் பாகத்தில் இருப்பார், மற்றவர் முடித்திருப்பார். முடித்தவர் வாயைத் திறந்தால் மற்றவருக்குக் கதை கெட்டுவிடும். நாங்கள் ஒரு வருடம் இதில் திண்டாடினோம். பிறகு ஒரே புத்தகத்தை எல்லோரும் படிக்க வேண்டும் என்ற விதியைக் கைவிட்டோம். இப்போது மாதம் ஒரு கருப்பொருள்: கதவு, காடு, சாபம், வரைபடம், பெயர் என்று ஏதாவது ஒன்று. அவரவர் படித்த எந்தப் புத்தகத்திலிருந்தும், எந்த மொழியிலிருந்தும் அதற்குப் பொருந்தும் ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து சத்தமாக வாசிக்க வேண்டும். 'சாபம்' மாதத்தில் அகலிகையும் வந்தாள், ஐரோப்பியத் தவளை இளவரசனும் வந்தான், தன் பாட்டி சொன்ன கதையோடு ஒருவர் வந்தார்.

சத்தமாக வாசிப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டில் டோல்கீனும் சி.எஸ். லூயிஸும் இருந்த இங்க்ளிங்ஸ் என்ற எழுத்தாளர் குழு இதைத்தான் செய்தது. செவ்வாய்க்கிழமை காலையில் ஈகிள் அண்ட் சைல்டு என்ற மதுக்கடையில் பேச்சு. வியாழக்கிழமை இரவு மாக்டலன் கல்லூரியில் லூயிஸின் அறையில் எழுதியதை வாசித்துக் காட்டுவது. 1954-இல் அச்சில் வரத் தொடங்கிய டோல்கீனின் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் நாவலின் பகுதிகளை அந்த நண்பர்கள் பல வருடம் முன்பே காதால் கேட்டுவிட்டார்கள். நமக்கும் இது புதிதில்லை. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையை எழுத்தறிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து படிக்க, தெருவே சுற்றி உட்கார்ந்து கேட்ட நாடு இது. வாசித்துக் கேட்கும்போது, அந்தப் புத்தகத்தைப் படிக்காதவரும் பேச்சில் கலந்துகொள்ள முடிகிறது. முன்கூட்டிப் படித்து வராத குற்ற உணர்ச்சி யாருக்கும் இல்லை.

இன்னொரு பழக்கத்தை வேதாளத்திடமிருந்தே எடுத்துக்கொண்டோம். வேதாளம் ஒவ்வொரு கதையையும் ஒரு கேள்வியில்தானே முடிக்கும்? பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாக வெடித்துவிடும் என்று விக்கிரமனை மிரட்டும். எங்கள் கூட்டத்தில் பக்கத்தை வாசித்தவர், கடைசியில் அப்படி ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். ஒரே சரியான பதில் இருக்கும் கேள்வியாக இருக்கக் கூடாது. லார்ட் ஆஃப் த ரிங்ஸ் வாசித்தால், 'மோதிரத்தை அழித்தவர் யார்?' என்பது செல்லாது. 'தூக்கிச் சுமந்தவன் கடைசி நொடியில் தவறிவிட்டான், விரலைக் கடித்துப் பிடுங்கியவன் தெரியாமல் அழித்துவிட்டான், அப்படியானால் புகழ் யாருக்கு?' என்பது செல்லும். இந்தக் கேள்விக்கு நாங்கள் பூங்காக் காவலர் விசிலடிக்கும்வரை பேசினோம். "பிடித்திருந்தது", "பிடிக்கவில்லை" என்று ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு எழுந்துபோகும் கூட்டம், இந்த ஒரு பழக்கத்தால் மாறிவிட்டது.

தொடங்க நாள் வேண்டும் என்றால் மார்ச் 25 எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 1969-இல் தொடங்கிய டோல்கீன் சொசைட்டி அந்த நாளை வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது. லார்ட் ஆஃப் த ரிங்ஸ் கதைப்படி இருளரசன் வீழ்ந்த தேதி அது. அந்தச் சொசைட்டியின் உள்ளூர்க் கிளைகளை, அந்தக் கதையில் வரும் ஹாபிட்கள் என்ற குள்ள மனிதர்கள் வாழும் வளையின் பெயரைக் கொண்டு 'ஸ்மையல்' என்று அழைப்பார்கள். சென்னையில் மார்ச் கடைசி என்பது வெயில் இன்னும் கொடுமை காட்டாத நேரம், மாலை ஐந்து மணிக்குக் கடற்காற்றும் வரும். பெசன்ட் நகரிலோ திருவான்மியூரிலோ மணலில் உட்கார்ந்தே வாசிக்கலாம்.

ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வருகிற ஞாயிறு உங்களுக்கு விடுமுறை என்றால், அன்று எந்தப் பூங்காவில் வாசிப்பு என்று பார்த்துவிட்டு, அட்டை நன்றாகத் தெரியும் ஒரு புத்தகத்தோடு போங்கள். தண்ணீர் பாட்டிலும் கொசுவிரட்டிக் களிம்பும் எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகம் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை என்றால், நீங்கள் இரண்டாம் முறையாகப் படிக்க ஆசைப்படும் புத்தகத்தையே எடுத்துப் போங்கள். யாராவது வந்து அது என்ன கதை என்று கேட்டால், முதலிலிருந்து சொல்லத் தொடங்குங்கள்.